முகாம் பூங்காவாகும் முன் காணி உறுதியைப் பாருங்கள்

கரையோர இராணுவ முகாம்களை மக்கள் பூங்காவாகவும் விடுதியாகவும் மாற்றலாம் என்போர் பெரும்பாலும் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள ப்ரெசிடியோ. 1776இல் ஸ்பானியர் அமைத்த காவலரண் அது. பின்பு மெக்சிக்கோவிடமும் அதன்பின் அமெரிக்க இராணுவத்திடமும் இருந்தது. பரப்பளவு ஏறத்தாழ 1,490 ஏக்கர். 1994இல் இராணுவம் வெளியேறியது.

இராணுவத்துக்குத் தேவையில்லாத நாளில் அந்நிலம் தேசிய பூங்காவைச் சேரும் என்று 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். 22 வருடங்களுக்கு முன்பே! வெளியேறிய பிறகு யோசித்திருந்தால் காணி வியாபாரிகள் முந்தியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

நூற்றுக்கணக்கான பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் செலவுக்கும் வழி தேடினார்கள். 1996இல் தனிச் சட்டத்தின் மூலம் ப்ரெசிடியோ டிரஸ்ட் அமைக்கப்பட்டது. 2013க்குள் அது அரச நிதியின்றித் தன் காலில் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. கட்டடங்களை வீடுகளாகவும் அலுவலகங்களாகவும் வாடகைக்கு விட்டே அது நிபந்தனையை நிறைவேற்றியது. திருமணமாகாத அதிகாரிகள் தங்கிய பேர்ஷிங் மண்டபம் 2012இல் விடுதியானது. 2018இல் சிப்பாய்களின் பாசறையொன்றும் விடுதியானது. கடலோர விமானத் தளத்தின் தாரைப் பெயர்த்தெடுத்து, புற்றரையும் கடல்நீர் வந்துபோகும் சதுப்பு நிலமும் உருவாக்கி 2001இல் திறந்தார்கள். விடுதி அறை என்னைப் போன்ற ஆசிரியரின் சம்பளத்துக்கு எட்டாது. பூங்காவுக்கோ நுழைவுக் கட்டணமே இல்லை.

வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது சமூகம் அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. 1942இல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை வீடுவாசலை விட்டு அகற்றிய கட்டளைகள் இதே முகாமிலிருந்துதான் பிறந்தன. அதை அங்கே மறைக்கவில்லை. பழைய விமானத் தளத்துக் கட்டடமொன்றில் அந்த வரலாற்றைக் காட்சிப்படுத்தியிருக்கிறார்கள்.

ஆனால் ப்ரெசிடியோவை அப்படியே இங்கு கொண்டுவர முடியாது. அங்கே இராணுவம் போய்விட்டது. எங்கள் ஹம்மன்ஹீல் கோட்டையிலோ கடற்படையே விடுதி நடத்துகிறது. அங்கே கைமாறியது அரச காணி. (ஸ்பானியருக்கு முன் அங்கு வாழ்ந்த ஓலோனி பழங்குடியினரின் கணக்கு வேறு.) சிலாவத்துறையில் கடற்படை முகாமுக்குள் இருப்பதோ, 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு மீளத் திரும்பிய முஸ்லிம்கள் தங்களுடையது என்று கேட்டு நிற்கும் காணி. அத்தகைய இடத்தில் பூங்கா என்று யாராவது வரைபடம் நீட்டினால், முதலில் உறுதிப் பத்திரங்களை மேசையில் வைக்கச் சொல்ல வேண்டும். உரியவர்களுக்குக் கொடுத்தபின் அரச காணி எஞ்சினால், அதில் பூங்கா அமைப்பது பற்றி ஊராரோடு அமர்ந்து பேசலாம்.