கிறித்தவப் பாவக் கோட்பாடும் தமிழ்ச் சொல்லாட்சியும்: கம்போங் மேடானை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழில் 'பாவம்' என்னும் சொல்லுக்கு இரு வழக்குகள் உண்டு. ஒருவர் இழைத்த தீங்கைச் சுட்டவும் அச்சொல் பயன்படுகிறது. தீங்குக்கு ஆளானவர்பால் இரக்கம் காட்டவும் அதே சொல் பயன்படுகிறது. 'அவன் பாவம் செய்தான்' என்பதும் 'பாவம், அவன்' என்பதும் ஒரே நாவில் வழங்குவன. 16ஆம் நூற்றாண்டில் தமிழகக் கடற்கரையில் வேரூன்றிய கத்தோலிக்க சமயமும், பின்னர் வந்த சீர்திருத்தச் சபைகளும் தம் இறையியலின் நடுநாயகமான கருத்தொன்றை இச்சொல்லின்மீதே ஏற்றிவைத்தன. ஆயின், பாவம் என்பது யாது என்பதில் அவை ஒருமித்த கருத்துடையன அல்ல. அது செயலா, பிறவி இயல்பா, அறிந்து செய்யும் மீறலா, மனிதனைப் பிணிக்கும் புறச்சக்தியா என்னும் வினாவுக்கு அவை வெவ்வேறு விடை கூறின. அவ்விடைகள் யாவும் தொழிலாளரோடும் எழுத்தரோடும் கப்பலேறி மலாயாவுக்கு வந்தன. இன்று பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடான் போன்றதொரு சிறு வட்டாரத்தில் அவை அருகருகே வாழ்கின்றன. அவ்வேறுபாடு தமிழ்ச் சொற்களில் எவ்வாறு படிந்தது என்பதையும், ஏழைத் தமிழரை அது யாரென்று பெயரிட்டு அழைத்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

எண்ணிச் சொல்லும் பாவமும் பிறவியில் வரும் பாவமும்

தமிழ் அச்சுக்கலையின் தொடக்கத்திலேயே பாவம் பற்றிய நூலொன்று நிற்கிறது. அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலை அச்சிட்டார். ஈராண்டு கழித்து, 1580இல், 'கொம்பெசியொனாயரு' என்னும் பாவசங்கீர்த்தனக் கையேட்டை வெளியிட்டார். முத்துக்குளித்துறைப் பரவ மக்கள் குருவின்முன் தம்மை ஆராய்ந்து சொல்வதற்குரிய வழிகாட்டி அது. கனமான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் கூறி அறிக்கையிட வேண்டும் என்று திரெந்து சங்கம் 1551இல் வகுத்திருந்த நெறியின் பின்னணியில் இக்கையேட்டை நோக்குதல் வேண்டும். பாவம் இங்குச் செயல், எண்ணத்தக்கது, சாவான பாவம், அற்பப் பாவம் என நிறுக்கத்தக்கது. நீதிமன்ற மொழியின் சாயல் இதில் வெளிப்படை.

செயலுக்கு முற்பட்ட பாவமொன்றும் உண்டு. ஆதாமின் வீழ்ச்சியால் மாந்தர் அனைவரும் குற்றநிலையில் பிறக்கின்றனர் என்பது புனித அகுஸ்தினாரின் கொள்கை. பெலாஜியுவின் கருத்தை எதிர்த்து 418இல் கூடிய கார்த்தேஜ் சங்கம் அகுஸ்தினார் பக்கமே நின்றது. இக்கொள்கைக்கு ஓர் ஊன்றுகோலாய் அமைந்தது மொழிபெயர்ப்பு என்பது நம் துறையினர் கருதத்தக்க செய்தி. உரோமையர் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் வரும் கிரேக்கத் தொடரொன்று 'எல்லாரும் பாவம் செய்தமையால்' எனக் காரணப் பொருள் தருவது. அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பை 'அவனிடத்தில் எல்லாரும் பாவம் செய்தனர்' எனக் கொள்ளவும் இடமிருந்தது. கிரேக்கத்திலேயே படித்த கீழைத் திருச்சபைகள் ஆதாம் விட்டுச் சென்றது சாவே, குற்றமன்று என்றன. பிரிக்பீல்ட்ஸில் மலையாளிகள் வழிபடும் சிரியன் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இக்கீழைமரபைச் சார்ந்ததாகும்.

தமிழில் இக்கொள்கை 'சென்மப் பாவம்' எனப் பெயர் பெற்றது. மறுபிறவியை நம்பும் மக்கள்முன் 'சென்மம்' என்று சொன்னால் அவர்கள் எதை எண்ணுவர்? போன பிறவியில் தான் செய்த வினை என்றே எண்ணுவர். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் 'புனர்ஜென்ம ஆட்சேபம்' எழுதி மறுபிறவிக் கொள்கையை மறுக்க நேர்ந்தது. தான் செய்யாத ஒன்றுக்கு ஒருவன் எவ்வாறு பொறுப்பாவான் என்னும் கேள்விக்குக் கன்மக் கோட்பாட்டில் எளிய விடை இருந்தது. சென்மப் பாவக் கோட்பாட்டிலோ அத்துணை எளிதன்று.

சைவ சித்தாந்தச் சொல்லொன்றும் கத்தோலிக்க வழக்கில் புகுந்தது. மரியாள் சென்மப் பாவமின்றிக் கருவானாள் என்னும் விசுவாசத்தைத் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் 1854இல் கோட்பாடாக அறிவித்தார். அதற்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பெயர் 'அமலோற்பவம்', அதாவது மலமற்ற உற்பவம். பாவத்தை 'மலம்' எனும்போது குற்றத்தீர்ப்பு என்னும் பொருள் பின்வாங்கி, அழுக்கு, கறை என்னும் பொருள் முன்னிற்கிறது. அமலதாஸ், அமலோற்பவமேரி என்று பெயர் தாங்கியோர் கிள்ளான் வட்டாரக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்றும் உளர். இறையியல் நூல்களைவிடப் பெயர்களே சில வேளை நெடுநாள் வாழ்கின்றன.

தரங்கம்பாடியின் மறுப்பு

சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் கொணர்ந்த லுத்தரன் கொள்கையில் பாவம் செயல்களின் தொகை அன்று. கடவுளை அஞ்சாமலும் நம்பாமலும் தன்னையே நாடும் இயல்பு. 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை இவ்வியல்பையே பாவம் என்றது. எனவே பாவங்களை ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்லுதல் கட்டாயமன்று. இதற்கு விடையாகவே 1546இல் திரெந்து சங்கம் ஒரு கோடு கிழித்தது: திருமுழுக்குக்குப் பின்னும் மனிதனிடம் தீய நாட்டம் எஞ்சும், ஆனால் அது உள்ளபடி பாவமன்று. லுத்தரன் சபையோ அது பாவமே என்றது. விசுவாசிக்கு அது எண்ணப்படுவதில்லை, அவ்வளவே. நீதிமானும் பாவியும் ஒரே மனிதன், ஒரே வேளையில். வீரமாமுனிவர் 'பேதகமறுத்தல்' முதலிய நூல்களால் தரங்கம்பாடிச் சபையோடு பொருதினார். அவருடைய உரைநடையின் வீச்சைப் போற்றும் நம் இலக்கிய வரலாறுகள், அங்கே எது வாதிடப்பட்டது என்பதைப் பெரும்பாலும் கேளாமல் கடந்துவிடுகின்றன.

செம்பில் களிம்பு என்னும் சித்தாந்த உவமை ஈண்டு உதவும். ஆணவ மலம் உயிரோடு அநாதியாய் உடனுள்ளது. முத்தியிலும் அது அழிவதில்லை, சத்தி மடங்கிக் கிடக்கும் என்பர் மெய்கண்டார் வழியினர். எஞ்சியிருந்தும் ஆளமுடியாது அடங்கிய பாவம் என்னும் லுத்தரன் கருத்தோடு இது வியப்பூட்டும் நெருக்கம் உடையது. எனினும் ஒப்புமையை மிகைப்படுத்தல் ஆகாது. ஆணவத்துக்குத் தொடக்கமில்லை, ஆதாமின் வீழ்ச்சிக்குத் தொடக்கம் உண்டு.

இப்பூசல் ஒருவாறு தணிய 1999 அக்டோபர் 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் ஒப்பமிட்டனர். எஞ்சும் நாட்டத்தைப் பாவம் என்று அழைப்பதா என்பதில் அவ்வறிக்கை இரு மரபின் சொல்லாட்சியையும் தனித்தனியே விளக்கி, அவ்வேறுபாடு இனிச் சபைகளைப் பிரிக்க வேண்டியதில்லை என்றது. தரங்கம்பாடி மரபில் வந்த பிரிக்பீல்ட்ஸ் சீயோன் தேவாலயத்தார்க்கும், 1928இல் எழுந்த கிள்ளான் லூர்து மாதா ஆலயத்தார்க்கும் இடையே இருந்த பழைய வழக்கு ஏட்டளவில் இவ்வாறு முடிந்தது.

மெதடிஸ்டுகள் வேறு வழியில் வந்தனர். 1885இல் சிங்கப்பூரில் தொடங்கிய அவர்களின் பணியில் யாழ்ப்பாணத்தார்க்கும் பங்குண்டு. பிறவிப் பாவத்தை ஜான் வெஸ்லி ஏற்றார்; ஆயினும் அறிந்த கட்டளையை விரும்பி மீறுவதே சரியான பொருளில் பாவம் என்றார். விருப்பம் மாறினால் வாழ்வும் தூய்மையாகும். குடியொழிப்பு, சிக்கனம், கல்வி ஆகியவற்றில் அச்சபை காட்டிய ஊக்கம் இந்நம்பிக்கையோடு தொடர்புடையது. 2006இல் உலக மெதடிஸ்டு மன்றமும் மேற்கூறிய கூட்டறிக்கையில் இணைந்தது.

கம்போங் மேடானில்

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது வெளியேறிய தமிழ்த் தொழிலாளர் பலர் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய புறம்போக்குக் குடியிருப்புகளில் தங்கினர். அவர்களைத் தேடிச் சென்றவற்றுள் பெந்தெகொஸ்தே சபைகள் முக்கியமானவை. அவை கடைவீடுகளின் மாடிகளில் கூடின. 2015 ஏப்ரலில் தாமான் மேடானில் கடைவீட்டுத் தேவாலயம் ஒன்றின் சிலுவையை அகற்றுமாறு ஏறத்தாழ 50 பேர் கூடி எதிர்ப்புத் தெரிவித்ததும், சிலுவை இறக்கப்பட்டதும் நாடறிந்தவை.

இச்சபைகளின் மொழியில் பாவம் ஒரு கட்டு. மனிதன் அதன் கைதி. குடிக்கு அடிமையான கணவனின் மனைவிக்கு இம்மொழி தரும் ஆறுதலை எளிதாக ஒதுக்கிவிட இயலாது. அவனைக் குற்றவாளி என்று பழிப்பதற்கு மாறாக, விடுவிக்கப்பட வேண்டியவன் என்கிறது அது. ஆனால் அங்குச் சிலர் 'பரம்பரைச் சாபம்' என்று பேசக் கேட்டபோது, தத்துவ போதகர் முன்வாசலில் விரட்டிய கன்மம் பின்வாசலில் நுழைந்துவிட்டதோ என்று எண்ணினேன். வறுமை, நோய், தோல்வி யாவும் பாட்டன் செய்த சிலை வழிபாட்டின் விளைவாகிவிடுகின்றன. வேலையும் நிலமும் பறித்த கை எதுவென்று கேட்க அங்கே இடமில்லை.

2001 மார்ச்சில் இவ்வட்டாரத்தில் மூண்ட இனக்கலவரத்தில் 6 பேர் மாண்டனர், பலர் காயமுற்றனர். கத்தியெடுத்தவன் பாவத்தை அறிக்கையிடலாம். நெரிசலையும் வேலையின்மையையும் அடிப்படை வசதியின்மையையும் யார் போய் அறிக்கையிடுவது? இவ்வினாவைக் கிறித்தவ இறையியல் முன்னரே எதிர்கொண்டுள்ளது. இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் 1968இல் மெதெயினில் அநீதியான சமூகநிலையைப் பாவநிலை என்றனர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984இல், சமூகப் பாவம் என்பது தனிமனிதர் பாவங்களின் திரட்சியே என்று எச்சரித்தார். எனினும் 1987இல் 'பாவக் கட்டமைப்புகள்' என்னும் தொடரை அவரே விரிவாகக் கையாண்டார்.

ஹாங்காங் தொழிலாளரிடையே பணியாற்றிய ரேமண்ட் பங் 1980இல் மெல்பர்ன் மாநாட்டில் வேறொரு கோணத்தை முன்வைத்தார். ஏழை பாவி மட்டுமல்லன், பிறர் பாவத்துக்கு ஆளானவனும் ஆவான் என்றார் அவர். வெளிநாட்டு நூலகமொன்றில் இக்கருத்தை முதன்முதல் படித்தபோது புதிய கண்டுபிடிப்பாகவே எனக்குத் தோன்றிற்று. தமிழ்ப் பேச்சுவழக்கோ அதனை நெடுங்காலமாக அறிந்திருந்தது. அடிபட்டவனைப் பார்த்துத்தான் நாம் 'பாவம்' என்கிறோம். மொழிபெயர்த்தவர்கள் இச்சொல்லின் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியைத் தெருவிலேயே விட்டுவிட்டனர் என்பது என் கருத்து.

அண்மைக் காலத்தில் கத்தோலிக்கர் 'பாவசங்கீர்த்தனம்' என்பதனை 'ஒப்புரவு அருட்சாதனம்' என வழங்குகின்றனர். பெயரிலிருந்து பாவம் நீங்கியது. திருக்குறளில் ஓர் அதிகாரத்துக்குத் தலைப்பாய் நின்று, ஊரோடு பொருந்தி உதவி வாழ்தலைச் சுட்டிய சொல் அவ்விடத்தில் அமர்ந்தது. மறைக்கல்வி பயிலும் சிறுவர் 'ஒப்புரவு' என்றே சொல்கின்றனர். தோட்டத்திலிருந்து வந்த பாட்டிமார் இன்னும் 'பாவசங்கீர்த்தனம் பண்ணப் போறேன்' என்றே புறப்படுகின்றனர்.