விரிஞ்சிபுரம் மதிலும் 1927ஆம் ஆண்டுக் கணக்கும்

விரிஞ்சிபுரம் மதிலழகு என்பது ஊரறிந்த சொலவடை. அந்த மதிலைத் தாண்டி நெடுஞ்சாலைக்கு வந்தால், விடிகாலையில் ஷூ கம்பெனி வேன்கள் நம் பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூர்ப் பக்கம் போவதைப் பார்க்கலாம். அப்படி வேனில் போகும் ஒரு தாயின் மகள், கல்விக் கொள்கையில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறார். எங்கள் மாலை வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவர். நோக்க அறிக்கையை எழுதிக்கொண்டு வந்து காட்டினார். சிறுவயது முதலே கல்வியில் ஆர்வம் என்று தொடங்கி இரண்டு பக்கம். அதில் அம்மாவின் வேலை இல்லை, தெரு இல்லை, பத்தாம் வகுப்போடு கம்பெனிக்குப் போன அண்ணன் இல்லை.

ஏன் என்று கேட்டோம். "அதெல்லாம் எழுதினா பரிதாபம் தேடுற மாதிரி இருக்கும்க்கா" என்றார்.

அந்தக் கூச்சம் நமக்கும் தெரியும். ஆனால் நம் முன்னோர் கல்வி கேட்டு நின்றபோது எதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள் என்று பார்க்க வேண்டும்.

1893 பிப்ரவரியில் சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கென்று சிறப்புச் சலுகைகள் தரும் 68ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். டிசம்பரில், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக் கூடாது என்று ஆயிரக்கணக்கானோரிடம் கையெழுத்து வாங்கி லண்டன் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். இன்று படிக்கும்போது சங்கடமாக இருக்கும். தேர்வை இங்கே வைத்தால் ஏற்கெனவே படித்த சாதிகளே பதவிகளை அள்ளிக்கொண்டு நம்மை ஆளும் என்பது அவர் வாதம். யாருக்கும் பொதுவான தேர்வு என்று ஒன்று இல்லை என்பதை அவர் அப்போதே கண்டுகொண்டார்.

இடையில் ஒன்று. சுதந்திர இந்தியாவின் முதல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு 1948இல் தலைவரான ராதாகிருஷ்ணன், நம் வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்தவர். வேலூரில் படித்தவர் டெல்லியில் கல்விக் கொள்கை எழுத முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. சேரியிலிருந்து போகத்தான் பாதை போடவில்லை.

பாதையை அண்ணலிடம்தான் பார்க்கிறோம். 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா போனார். அங்கே கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயியின் வகுப்புகளில் உட்கார்ந்தார். ஆனால் விண்ணப்பம் எழுதும் நம் மாணவர்கள் படிக்க வேண்டியது, 1927 மார்ச் 12 அன்று பம்பாய்ச் சட்டமன்றத்தில் கல்வி மானியம் பற்றி அவர் பேசிய பேச்சு. தொடக்கப் பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளில் பதினெட்டுப் பேர்தான் நான்காம் வகுப்புக்கு வருகிறார்கள் என்று கணக்குச் சொன்னார். கல்விக்கு அரசு தலைக்கு 14 அணா செலவிடுகிறது, மதுவரியாக அதே மக்களிடம் தலைக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் வாங்குகிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தார். வாங்குவதையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். தான் பள்ளியில் தனியே கோணியில் உட்கார்ந்த கதையைச் சொல்லிக் கண்ணீர் வரவழைத்திருக்கலாம். வரவுசெலவுக் கணக்கைத்தான் எடுத்தார்.

பணமும் அவர் கேட்டதால் வந்தது. 1942இல் வைசிராய்க்கு மனு எழுதினார், 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கு உயர்கல்வி உதவித்தொகை தொடங்கியது. 1954-55இல் அயல்நாட்டுப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை வந்தது. இன்று அதில் ஆண்டுக்கு 125 இடங்கள், 115 பட்டியல் சாதியினருக்கு. அறுபது விழுக்காடு மதிப்பெண் வேண்டும், 35 வயதுக்குள் இருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. 2022இல் இன்னொரு விதி சேர்ந்தது: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு உதவி கிடையாது. அவற்றைப் படிக்க வெளிநாடு எதற்கு என்பது அரசுத் தரப்பு விளக்கம். விரிஞ்சிபுரத்துப் பிள்ளை ஏன் பள்ளியை விட்டு நிற்கிறது என்று ஆராயப் போகும் மாணவி எந்தத் தலைப்பில் விண்ணப்பிப்பது? கல்விப் பொருளாதாரம், பள்ளி நிதி என்று தலைப்பை வளைக்க வேண்டியிருக்கிறது. வளைக்கச் சொல்கிறோம், கோபத்தோடுதான். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயலகப் படிப்புத் திட்டத்தையும் பாருங்கள்.

அந்தத் தங்கையிடம் 1927 பேச்சைக் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து நோட்டோடு வந்தார். தெருவில் வீடு வீடாகக் கேட்க வேண்டும், யார் எந்த வகுப்பில் நின்றார்கள், நின்ற மாதம் என்ன, அப்போது கம்பெனியில் ஆள் எடுத்தார்களா என்று. மாலை வகுப்பில் மூன்று ஆண்டு வருகைப் பதிவேடு நம்மிடமே இருக்கிறது. பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியருக்கும் இந்தக் கணக்கைக் காட்டினால், நல்ல மாணவி என்ற ஒற்றை வரிக்கு மேல் எழுத அவருக்குப் பொருள் கிடைக்கும்.

அறிக்கையின் முதல் பத்தியை மாற்றிவிட்டார். இப்போது அது காலை வேனில் தொடங்குகிறது. கீழ்த்தெருவில் இன்னும் சில வீடுகள் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி விடுமுறை, அன்றுதான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள்.