ஆக்டேன் என்கிற எட்டு

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் எந்த பங்கில் வண்டியை நிறுத்தினாலும், “ஜீரோ பாத்துக்கோங்க சார்” என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: “நார்மலா, பவரா?” பவர் என்பது ஒரு கம்பெனி வைத்த பெயர். அடுத்த கம்பெனியின் பங்கில் அதே இடத்தில் ஸ்பீட் நிற்கும். புதிதாக டர்போ கார் எடுத்தவருக்கு இந்தக் கேள்வி வயிற்றைக் கலக்கும். லட்சங்களைக் கொட்டி வாங்கிய வண்டிக்குப் போய் நார்மலா என்று மனசு உறுத்தும். பவர் என்றால் வலு, ஸ்பீட் என்றால் வேகம். பெயரிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடுகிறது.

பெட்ரோல் என்பதே ஒரு வியாபாரப் பெயர்தான். பாறை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லும் எண்ணெய் என்று பொருள்படும் லத்தீன் சொல்லும் சேர்ந்தது பெட்ரோலியம். அதன் தலையை மட்டும் வெட்டியெடுத்து, 1890களில் லண்டனைச் சேர்ந்த கார்லெஸ், கேப்பல் அண்ட் லெனார்ட் என்ற நிறுவனம் தன் சரக்குக்குச் சூட்டியது. அந்தப் பெயரைத் தனக்கே உரியதாக்க அது செய்த முயற்சி பலிக்கவில்லை, ஊருக்கே பொதுவாகிவிட்டது. நம் அரசு ஆவணங்களில் இன்றும் அது பெட்ரோல் அல்ல, மோட்டார் ஸ்பிரிட். எண்ணெய்க்குப் பெயர் வைப்பதில் நாமும் சளைத்தவர்கள் இல்லை. சீமையிலிருந்து வந்தது சீமெண்ணெய். கெரசின் ஆயில் சென்னை வாயில் புகுந்து கிருஷ்ணாயில் ஆயிற்று.

இந்தப் பெயர்களில் எதுவும் இன்ஜினுக்கு உதவாது. உதவுகிற சொல் ஒன்றுதான்: ஆக்டேன். கிரேக்கத்திலும் லத்தீனிலும் ‘ஆக்டோ’ என்றால் எட்டு. வடமொழி அஷ்டம் அதற்கு உறவு. நம் எட்டு வேறு குடும்பம், ஓசை கொஞ்சம் ஒத்துப்போவதை நம்பிச் சொந்தம் கொண்டாடக் கூடாது. ஐந்து கார்பன் அணு இருந்தால் பென்டேன், ஏழு இருந்தால் ஹெப்டேன், எட்டு இருந்தால் ஆக்டேன். ‘ஏன்’ என்று முடியும் இந்த முறையை 1866இல் முன்மொழிந்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன்.

அந்த எட்டு பெட்ரோல் பங்குக்கு வந்த கதை சுவையானது. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் அழுத்தப்படும்போது, பிளக் பொறி பற்றவைத்த தீ வந்து சேர்வதற்குள் மீதிக் கலவை தானாகவே வெடித்தால் ‘டக் டக்’ என்று சத்தம் வரும். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். எந்தப் பெட்ரோல் இதை எவ்வளவு தாங்கும் என்று அளக்க 1926இல் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் ஓர் அளவுகோல் சொன்னார். சட்டென்று நாக்கிங் தரும் ஹெப்டேனுக்கு 0, நன்றாகத் தாங்கும் ஐசோஆக்டேனுக்கு 100. ஹெப்டேன் கலிஃபோர்னியாவின் ஜெஃப்ரி பைன் மரப் பிசினிலிருந்து சுத்தமாகவே கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், எட்டு கார்பனும் ஒரே நேர்கோட்டில் கோத்த அசல் ஆக்டேனை இந்த அளவுகோலில் நிறுத்தினால் பூஜ்ஜியத்துக்கும் கீழே போய்விடும். நூறு வாங்குவது கிளை விட்ட ஐசோஆக்டேன். வேதியியல் முறைப்படி அதன் பெயர் டிரைமெதில் பென்டேன், அதாவது ஐந்தின் வாரிசு. தன் பெயரில் நடக்கும் பரீட்சையிலேயே ஆக்டேன் ஃபெயில்!

நாக்கிங்கை அடக்க ஈயம் கலக்கலாம் என்று 1921இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். 1923இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் அது விற்பனைக்கு வந்தபோது வைத்த பெயர் எத்தில். ஈயம் என்ற சொல்லே அதில் இல்லை; சாமர்த்தியம் அங்கேதான். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் வந்தது 1995 ஏப்ரலில், நாடு முழுக்க 2000 பிப்ரவரியில்.

இனி டர்போ. லத்தீனில் பம்பரத்துக்கும் சுழற்காற்றுக்கும் அதுதான் பெயர். 1905இல் ஆல்ஃபிரட் பியூக்கி என்ற சுவிஸ் பொறியாளர் காப்புரிமை பெற்ற யோசனையில், வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வருகிற ஒரு லிட்டர் டர்போ கார்கள் பெரிய இன்ஜினின் இழுவையைத் தருவது இதனால்தான். காற்று அமுங்க அமுங்கச் சூடும் ஏறும், நாக்கிங் நெருங்கும். டர்போவுக்கு ஆக்டேன் முக்கியம் என்பதில் பொய் இல்லை. ஆனால் அது வெடிப்பைத் தாங்கும் திறன்தான், எரிபொருளின் வலு அல்ல. எண் போதாமல் போனால் இன்றைய காரில் நாக் சென்சார் உணர்ந்து பொறியைத் தாமதப்படுத்தும். இழுவையும் மைலேஜும் குறையும். எண் போதுமென்றால் அதற்கு மேல் கொடுப்பது வீண்.

ஆவடியில் 1965இல் உருவான விஜயந்தா டாங்கிக்கு இந்தக் கவலையே இருக்கவில்லை. டீசல் போல அழுத்தத்திலேயே பற்றும் அதன் லேலண்ட் இன்ஜினைப் பல எரிபொருள்களில் ஓடும்படி வடிவமைத்திருந்தார்கள். ஆவடி என்றதும் ‘ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டிப்போ ஆஃப் இந்தியா’வின் சுருக்கம் என்று விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒட்டவைத்த விளக்கம் அது. பவர் என்ற பெயரைக் கேட்டதும் கார் பறக்கும் என்று நினைப்பதும் இந்த ரகம்தான்.

இலங்கையில் இந்தக் குழப்பம் குறைவு. அங்கே பெட்ரோலின் பெயரே எண்: ஒக்டேன் 92, ஒக்டேன் 95. விலை அறிவிப்புச் செய்தியே அப்படித்தான் வரும். சிங்கப்பூரிலும் 95, 98 என்றுதான் கேட்டு வாங்குவார்கள். இங்கும் எக்ஸ்பி95, எக்ஸ்பி100 என எண்ணோடு சில பெயர்கள் வந்திருக்கின்றன. பங்கில் மட்டும் கேள்வி மாறவில்லை.

அதற்குள் நார்மலே மாறிவிட்டது. பிஎஸ்-6 பெட்ரோலுக்குக் குறைந்தபட்ச எண் 91. இப்போது நார்மலாகக் கிடைக்கிற, இருபது சதவீத எத்தனால் கலந்த இ20க்கு அது 95 என்கிறது அரசு. எத்தனாலின் ஆக்டேன் நூறுக்கும் மேல் என்பதே காரணம். ஆக, 95 என்று எழுதிய பிரீமியத்துக்கும் இன்றைய நார்மலுக்கும் எண்ணில் வித்தியாசம் இல்லை. மிஞ்சுவது இன்ஜெக்டரில் அழுக்குப் படியாமல் தடுக்கும் சேர்மங்கள். அவை பயனுள்ளவைதான், ஆனால் அவை வேறு கணக்கு.

எனவே, டர்போ கார் வைத்திருக்கும் அம்பத்தூர், ஆவடி அன்பர்களே, பெட்ரோல் மூடியின் உட்புறத்தையும் கையேட்டையும் பாருங்கள். 91 அல்லது 95 என்று போட்டிருந்தால், இ20 ஏற்கும் வண்டிக்கு நார்மலே போதும். 98 என்று போட்டிருந்தால் மட்டும் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.