இறையச்சம் மிரட்சி அல்ல: கிறிஸ்தவ இல்லங்களில் பயபக்தி வளரும் விதம்

கிள்ளான் லிட்டல் இந்தியா பகுதியில், ஜாலான் தெங்கு கிளானாவில் உள்ள லூர்து மாதா ஆலயம் 1928-இல் கட்டப்பட்டது. அதன் வாசலைத் தாண்டியதும் மக்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். தீர்த்தம் தொட்டுச் சிலுவை அடையாளம் போடுகிறார்கள், பலிபீடத்தை நோக்கி முழங்கால் மடக்குகிறார்கள். இது கண்ணுக்குத் தெரியும் பயபக்தி. அதே மனிதர் திங்கட்கிழமை கடையில் தராசைப் பிடிக்கும்போதும், வீட்டில் கோபம் வரும்போதும் அந்தப் பயபக்தி உடன் இருக்கிறதா என்பதே கிறிஸ்தவ வாழ்வின் பழைய கேள்வி.

சொல்லும் பொருளும்

சீர்திருத்த சபையினர் பயன்படுத்தும் பழைய தமிழ் வேதாகமம் 'கர்த்தருக்குப் பயப்படுதல்' என்கிறது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் 'ஆண்டவருக்கு அஞ்சுதல்' என்ற வழக்கைக் கையாள்கிறது. இரண்டுக்கும் மூலமான எபிரேயச் சொல் 'யிர்ஆ'. நடுக்கம், வியப்பு, மரியாதை ஆகிய மூன்றையும் அது சுட்டும். பாம்பைக் கண்டு ஓடும் பயம் வேறு. பெரியவர் ஒருவர் வந்ததும் தன்னால் எழுந்து நிற்க வைக்கும் உணர்வு வேறு. வேதம் மனிதரிடம் எதிர்பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். தமிழில் அதற்குப் பொருந்திய சொல் 'பயபக்தி'. பயமும் பக்தியும் அதில் பிரியாமல் நிற்கின்றன.

யாரும் பார்க்காத இடத்தில்

இறையச்சமே ஞானத்தின் தொடக்கம் என்று நீதிமொழிகள் நூல் கூறுவதைப் பலர் அறிவார்கள். அந்த அச்சத்தை எந்தெந்த இடத்தில் கைக்கொள்ள வேண்டும் என்று லேவியராகமம் சொல்வதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. காது கேளாதவரைத் திட்டாதே, பார்வையற்றவர் வழியில் தடைக்கல் வைக்காதே, கடவுளுக்கு அஞ்சு என்கிறது 19-ஆம் அதிகாரம். நரைத்தவர் முன் எழுந்து நிற்கவும் அங்கேயே சொல்லப்படுகிறது. 25-ஆம் அதிகாரம் வாங்குவதிலும் விற்பதிலும் ஒருவரை ஒருவர் ஏமாற்றக் கூடாது, வேலையாளைக் கடுமையாக நடத்தக் கூடாது என்று சொல்லி, அங்கும் இறையச்சத்தையே காரணமாக வைக்கிறது.

காது கேளாதவருக்குத் தம்மைத் திட்டியது தெரியாது. பார்வையற்றவருக்குக் கல்லை வைத்தது யார் என்று தெரியாது. புகார் செய்ய முடியாதவர்களிடம் நடந்துகொள்ளும் விதத்தில்தான் ஒருவரின் பயபக்தி அளக்கப்படுகிறது.

யாத்திராகமத்தில் சிப்பிராள், பூவாள் என்ற இரு மருத்துவச்சிகள் வருகிறார்கள். எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி மன்னன் இட்ட கட்டளையை, கடவுளுக்குப் பயந்ததால் அவர்கள் நிறைவேற்றவில்லை. ஆளுநராக இருந்த நெகேமியா, தமக்கு முன்பு இருந்தவர்கள் மக்கள்மீது சுமத்திய பாரத்தைத் தாம் சுமத்தாததற்கு இறையச்சத்தையே காரணமாகச் சொல்கிறார். கடவுளுக்கு அஞ்சுகிறவர் மற்ற மிரட்டல்களுக்குப் பணிவதில்லை என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

தோட்டத்தில் இருந்த ஒழுங்கு

கிள்ளான் வட்டாரத் தமிழர்களில் பலரின் வேர் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது. விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு நிற்க வேண்டும், பிறகு பால்வெட்டு. பாதிரியார் வாரந்தோறும் வர இயலாத தோட்டங்களில் உபதேசியாரே மக்களைக் கூட்டிச் செபம் நடத்தினார். மாலையில் லயத்து வீட்டில் விளக்கேற்றிக் குடும்பமாகச் செபமாலை சொல்வதும், பிள்ளைகள் பெரியவர்களிடம் நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு படுக்கப் போவதும் பல கத்தோலிக்கக் குடும்பங்களின் வழக்கம்.

அந்த வாழ்விலும் சோதனைகள் இருந்தன. பாலில் தண்ணீர் கலக்கும் ஆசை ஒரு பக்கம், எடையைக் குறைத்து எழுதும் ஆசை இன்னொரு பக்கம். சம்பள நாளில் கள்ளுக்கடை கூலியைப் பாதி விழுங்கியது. செபமாலை சொன்ன வீடுகளிலும் பெண்கள் அடி வாங்கினார்கள். பழைய காலத்தை நினைக்கும்போது இதையும் மறைக்காமல் நினைக்க வேண்டும்.

பின்னர் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்தார்கள். அப்பா இரவு ஷிப்ட், அம்மா பகல் வேலை, பிள்ளைகள் டியூசன். எல்லாரும் ஒன்றாக உட்காரும் மாலை நேரமே இல்லாமல் போனது. இன்று பல வீடுகளில் பக்தி குறைந்ததைவிட, அதற்குரிய நேரம் குறைந்ததே பெரிய இழப்பு.

திருச்சபைகள் கற்பிப்பது

கத்தோலிக்கத் திருச்சபை, தூய ஆவியார் அருளும் ஏழு கொடைகளில் ஒன்றாக இறையச்சத்தை வைக்கிறது. நற்கருணை வாங்கும் முன் ஒரு மணி நேரம் உணவு தவிர்த்தல், திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பிருத்தல் போன்ற ஒழுங்குகள் உடலையும் இந்த மரியாதையில் பழக்குகின்றன.

பிரிக்பீல்ட்ஸ் சீயோன் ஆலயத்தில் கூடும் லுத்தரன் சபை தமிழகத்துத் தரங்கம்பாடி மரபில் வந்தது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழில் தந்தவர். அந்நூலில் பத்துக் கட்டளைகளுக்குமான விளக்கம் கடவுளுக்குப் பயப்படுவதையும் அவரை நேசிப்பதையும் சேர்த்தே பேசுகிறது. ஒன்றை விட்டு மற்றொன்றைக் கற்பிக்க அது இடம் தரவில்லை.

மெதடிஸ்ட் சபையினருக்கு ஜான் வெஸ்லி 1755-இல் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனை உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் தம்மை முழுவதுமாகக் கடவுளிடம் ஒப்படைக்கும் வழிபாடு அது.

பயம் வழிதவறும் இடம்

'சாமி கண்ணைக் குத்தும்' என்று குழந்தையை மிரட்டுவது எளிது. குழந்தை அப்போதைக்கு அடங்கும். ஆனால் வளரும்போது கடவுளைப் போலீஸ்காரராகவே நினைக்கும், அல்லது அந்த மிரட்டல் பொய் என்று தெரிந்ததும் முழுவதையும் உதறும். நோயும் விபத்தும் வந்த வீட்டில் 'இது கடவுள் கொடுத்த தண்டனை' என்று சொல்வதும் இதே வகைதான். யோபுவின் நண்பர்கள் அவ்வாறு பேசியதற்காகவே கடவுளின் கண்டிப்புக்கு ஆளானார்கள். முழுமையான அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று யோவானின் முதல் கடிதம் கற்பிக்கிறது. அங்கே தள்ளப்படுவது தண்டனை குறித்த பயம், மரியாதை அல்ல.

கணவன் கையை ஓங்கும்போது, பொறுத்துப் போவதே பக்தி என்று மனைவிக்கு உபதேசிப்பதும் வழிதவறிய பயமே. அங்கே அஞ்ச வேண்டியவர் கை ஓங்கியவர்.

வீட்டில் தொடங்கக்கூடியவை

முதலாவது நேரம். அரை மணி நேரம் முடியாவிட்டால் ஐந்து நிமிடம் போதும். ஷிப்ட் மாறினால் நேரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். இருக்கிறவர்களை வைத்துத் தொடங்கலாம். அந்த ஐந்து நிமிடம் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

இரண்டாவது நாக்கு. 'ஆண்டவர்மேல் ஆணை' என்று வியாபாரப் பேச்சில் சத்தியம் செய்வதை நிறுத்துவது இரண்டாம் கட்டளையின் தொடக்கப் பாடம். லுத்தரன், கத்தோலிக்க எண்ணிக்கையில் அது இரண்டாவது. மெதடிஸ்ட் எண்ணிக்கையில் மூன்றாவது. கட்டளை ஒன்றுதான்.

மூன்றாவது கூலி. வீட்டு வேலைக்கு வருபவருக்கும் கடைப் பையனுக்கும் பேசிய சம்பளத்தைப் பேசிய நாளில் கொடுப்பது வழிபாட்டின் தொடர்ச்சி.

நான்காவது மன்னிப்பு. பிள்ளையிடம் தவறாகக் கோபப்பட்ட தகப்பன், அன்றிரவு செபத்துக்கு முன் 'அப்பா செய்தது தப்பு' என்று சொன்னால், தனக்கும் மேலே ஒருவர் இருப்பதைப் பிள்ளை அப்போது கற்றுக்கொள்ளும்.

ஐந்தாவது உறவு. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் சித்தப்பா வீடு இந்து, அத்தை வீடு கிறிஸ்தவம் என்பது சாதாரணம். தங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்பவருக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்லும்படி பேதுருவின் முதல் கடிதம் பணிக்கிறது. தன் கடவுளுக்கு அஞ்சுகிறவர் பிறர் பூசை அறையைக் கேலி செய்யமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முழங்கால் மடக்க ஒரு நொடி போதும். அந்த நொடியில் சொன்னதை வாரத்தின் மற்ற நாள்களில் தராசும் நாக்கும் கையும் மெய்யாக்க வேண்டும்.