ஓடும் வீட்டுக்கு ஓர் உறைவிடம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சொந்த வீட்டை விற்றுவிட்டு, சமையலறையும் படுக்கையும் கழிப்பறையும் அடங்கிய மோட்டார் வண்டியிலோ காரின் பின்னால் கட்டி இழுக்கும் வண்டியிலோ ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்களை, அவ்வண்டிகளுக்கு வழங்கும் சுருக்கப் பெயரை ஒட்டி, முழுநேர ஆர்.வி. வாசிகள் என்பர். இவர்கள் முதலில் தீர்க்க வேண்டியது எந்த ஊருக்குப் போவது என்ற கேள்வியை அன்று, எந்த மாநிலத்தவர் என்று தம்மைப் பதிந்துகொள்வது என்ற கேள்வியைத்தான். ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, மாநில வருமான வரி, மருத்துவக் காப்பீடு, வாக்குரிமை, இறந்தபின் சொத்துப் பங்கீடு ஆகியவை பெரும்பாலும் மாநிலத்தைச் சார்ந்தே அமைவதால், ஐம்பது மாநிலங்களில் ஏதேனும் ஒன்றைத் தம்முடையதாகக் காட்டாமல் அந்நாட்டில் ஒருவர் வாழ்வது ஏறக்குறைய இயலாத செயல். இந்தக் கட்டாயம் ஆர்.வி. வண்டிகளைவிட மிகப் பழையது. அதன் வரலாற்றை நெடுகப் பார்த்தால், ஒருவருடைய இருப்பிடத்தை அரசு விசாரித்த போதெல்லாம் அவருக்கான செலவை யார் ஏற்பது, அவரிடமிருந்து வரும் பணம் யாருக்கு என்ற கணக்கு அதன் அடியில் இருந்தது தெரியவரும்.

சட்டம் இதற்கு ஆளும் சொல் டொமிசைல் என்பதாகும். தமிழில் இதை உறைவிடம் எனலாம். ஆனால் வசிப்பிடம் வேறு, உறைவிடம் வேறு என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். ஒருவருக்கு வசிப்பிடங்கள் எத்தனையும் இருக்கலாம், உறைவிடம் ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஒரு நகரத்தின் பொதுச் சுமைகளைத் தாங்க வேண்டியவர் யார் என்று வரையறுக்க ரோமானியர் பயன்படுத்திய இக்கருத்து ஐரோப்பியச் சட்டங்களின் வழியே அமெரிக்காவை அடைந்தது. நீதிபதி ஜோசப் ஸ்டோரி 1834இல் வெளியிட்ட சட்ட முரண்பாடுகள் பற்றிய நூலில் அதை விரிவாக விளக்கினார். உடலால் ஓரிடத்தில் இருத்தலும், அங்கேயே தங்குவோம் என்ற எண்ணமும் கூடினால்தான் புதிய உறைவிடம் பிறக்கும். அது பிறக்கும்வரை பழையது அழியாது. பெற்ற உறைவிடத்தைக் கைவிட்டவருக்குப் பிறப்பால் வந்த உறைவிடம் மீண்டும் உயிர்பெறும் என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 1869இல் தீர்ப்பளித்தது. அமெரிக்க நீதிமன்றங்களோ, கடைசியாக இருந்த உறைவிடமே தொடரும் என்ற நிலையை மேற்கொண்டன. ஆகவே ஒஹாயோவில் வீட்டை விற்றுப் பத்தாண்டுகள் சாலையிலேயே கழித்தவரும், வேறு மாநிலத்தில் வேர் விடாதவரை, சட்டத்தின் கண்ணில் ஒஹாயோக்காரரே. இந்தியாவில் 1925ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டமும் இந்த ஆங்கிலக் கருத்தையே பின்பற்றுகிறது என்பதும், ஓராண்டு தங்கிய ஒருவர் எழுத்துமூலம் உறுதிமொழி கொடுத்து இந்திய உறைவிடம் பெற அதன் 11ஆம் பிரிவு வழி வகுத்திருப்பதும் தமிழ் வாசகர்கள் அறியத்தக்கன.

வீடற்று அலையும் ஏழையிடம் இச்சட்டம் நெடுங்காலம் கடுமையாகவே நடந்துகொண்டது. ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பு அவரவர் சொந்தப் பங்குக்கே, அதாவது தேவாலயத்தை மையமாகக் கொண்ட சிற்றூர் ஆட்சிப் பகுதிக்கே உரியது என்று இங்கிலாந்தின் 1662ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்ததோடு, புதிதாக வந்தவர் சுமையாகக்கூடும் என்று தோன்றினால் நாற்பது நாளுக்குள் அவரை வெளியேற்றவும் இடங்கொடுத்தது. அந்தப் பழக்கத்தைக் குடியேற்றக்காரர்கள் கடல் கடந்து நியூ இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே ஊர்கள் புதியவர்களுக்கு முறைப்படி எச்சரிக்கை கொடுத்துத் தம் பொறுப்பைக் கழித்துக்கொண்டன. 1930களின் வறட்சியும் வேலையின்மையும் லட்சக்கணக்கானோரை மேற்கு நோக்கி விரட்டியபோது, வறியவர் என்று தெரிந்தே ஒருவரை மாநிலத்துக்குள் அழைத்துவருவது கலிபோர்னியாவில் குற்றமாக இருந்தது. டெக்சாஸிலிருந்து தன் மனைவியின் சகோதரரைக் காரில் ஏற்றிவந்த ஒருவர் அதற்காகத் தண்டிக்கப்பட்டார். உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை 1941இல் ஒருமனதாக ரத்து செய்தது. வேலையின்றித் திரிவதையே குற்றமாக்கிய ஜாக்சன்வில் நகர விதி 1972வரை தாக்குப்பிடித்தது. இன்றைய ஆர்.வி. வாசியின் சுதந்திரம் சொகுசு வண்டிகளைச் செய்த தொழிற்சாலைகளைக் காட்டிலும் இந்த ஏழைகளின் வழக்குகளுக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறது.

பணக்காரருடைய நிலை இதற்கு நேர்மாறானது. ஏழையை எந்த ஊரும் தன்னவர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. செல்வரையோ இறந்த பிறகும் பல மாநிலங்கள் தம்மவர் என்று உரிமை கொண்டாடின. சூப்பு டப்பாக்களால் பெருஞ்செல்வம் சேர்த்த ஜான் டாரன்ஸ் 1930இல் மறைந்தபோது, பென்சில்வேனியாவும் நியூஜெர்சியும் தனித்தனியே அவரைத் தம் மாநிலத்தவர் என்று தீர்ப்பிட்டு இரண்டு முறை வாரிசு வரி வசூலித்தன. 1936இல் இறந்த எட்வர்டு கிரீனின் சொத்துக்கு டெக்சாஸ், நியூயார்க், புளோரிடா, மாசச்சூசெட்ஸ் ஆகிய நான்கு மாநிலங்கள் போட்டியிட்டன. கூட்டாட்சி வரியையும் சேர்த்தால் கோரப்பட்ட தொகை சொத்தின் மதிப்பையே தாண்டிவிடும் என்ற நிலை வந்ததால், உச்ச நீதிமன்றம் நேரடியாக வழக்கை எடுத்து, மாசச்சூசெட்ஸே அவருடைய உறைவிடம் என்று 1939இல் முடிவுசெய்தது. தாம் டெக்சாஸ்காரர் என்று கிரீன் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தது எடுபடவில்லை. வாய்ச்சொல்லைவிட வாழ்ந்த முறையே எண்ணத்துக்குச் சான்று என்ற பாடம் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

உறைவிடத்தைத் தேவைக்கேற்பத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தைப் பெருவாரியாகத் தொடங்கிவைத்தது விவாகரத்து. 1931இல் நெவாடா மாநிலம் அதற்கான வசிப்புக் காலத்தை ஆறு வாரமாகக் குறைத்தது. வெளியூர்க்காரர்களால் விடுதிகளும் வழக்கறிஞர்களும் பிழைத்தார்கள். வட கரோலினாவிலிருந்து அங்கே சென்று, கார்ப் பயணிகளுக்கான சாலையோர விடுதி ஒன்றில் ஆறு வாரம் தங்கி, தத்தம் மணவுறவை முறித்து ஒருவரையொருவர் மணந்த இருவர் ஊர் திரும்பியதும் இருதார மணக் குற்றம் சாட்டப்பட்டார்கள். அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1942இல் நெவாடாவின் தீர்ப்பைப் பிற மாநிலங்கள் மதிக்க வேண்டும் என்றது. 1945இல் அதே வழக்கு திரும்பிவந்தபோது, அவர்களுக்கு நெவாடாவில் உண்மையிலேயே உறைவிடம் இருந்ததா என்று வட கரோலினா ஆராயலாம் என்றது. புதிய மாநிலம் வாரி அணைத்தாலும் பழைய மாநிலம் கைவிட வேண்டும் என்ற இந்த இரட்டை நிபந்தனை இன்றுவரை நீடிக்கிறது.

இதே காலத்தில் சக்கர வீடும் வளர்ந்துவந்தது. காரோடு கூடாரம் கட்டிப் பயணம் செய்தவர்கள் 1919இல் புளோரிடாவின் டாம்பா நகரில் தகர டப்பாப் பயணிகள் என்ற பெயரில் சங்கம் அமைத்தார்கள். அம்மாநிலம் 1924இல் வருமான வரியையும் வாரிசு வரியையும் அரசியலமைப்பிலேயே தடைசெய்து செல்வரை ஈர்த்தது. உறைவிட உறுதிமொழியைக் கவுண்டி எழுத்தர் அலுவலகத்தில் பதிவுசெய்யும் முறையை 1941இல் சட்டமாக்கியது. தெற்கு டகோட்டா தன் வருமான வரியை 1943இல் நீக்கியது; டெக்சாஸில் தனிநபர் வருமான வரி என்றுமே இருந்ததில்லை. ஆர்.வி. வாசிகளை மனத்தில் வைத்து இம்மூன்று மாநிலங்களில் இவை எதுவும் செய்யப்படவில்லை. வேறு காரணங்களுக்காகத் திறந்த கதவுகளில் அவர்கள் பின்னாளில் நுழைந்தார்கள்.

நுழைவதற்கு வேண்டிய திறவுகோல் தபால் முகவரி. ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் தம்பதி 1978இல் நிறுவிய எஸ்கேப்பீஸ் சங்கம், டெக்சாஸில் போல்க் கவுண்டியின் தலைமையிடமான லிவிங்ஸ்டன் சிற்றூரில் தன் தலைமையகத்தை அமைத்து, உறுப்பினர்களுக்கு வரும் கடிதங்களைப் பெற்று அவர்கள் இருக்கும் ஊருக்குத் திருப்பியனுப்பும் பணியை மேற்கொண்டது. தெற்கு டகோட்டாவிலும் புளோரிடாவிலும் இத்தகைய அஞ்சல் நிலையங்கள் தொழிலாகவே எழுந்தன. இவற்றில் ஒன்றில் முகவரி எடுத்து, அம்மாநிலத்துக்கு நேரில் சென்று, உரிமத்தையும் வண்டிப் பதிவையும் மாற்றி, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து, உயிலையும் அம்மாநிலச் சட்டப்படி திருத்தி எழுதுவது வழக்கமான வரிசையாயிற்று. தெற்கு டகோட்டா இதில் மிகத் தாராளமாக நடந்துகொண்டது. ஏதேனும் ஒரு விடுதியிலோ வண்டி முகாமிலோ ஓர் இரவு தங்கிய ரசீதையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் காட்டினால் அங்கே ஓட்டுநர் உரிமம் கிடைத்தது.

விட்டுவந்த மாநிலம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. நியூயார்க்கின் வரித்துறை ஒருவரின் உறைவிடத்தைத் தீர்மானிக்க வீடு, தொழில், தங்கிய நாட்கள், குடும்பம் ஆகியவற்றோடு மனத்துக்கு நெருக்கமான பொருட்கள் எங்கே வைக்கப்பட்டுள்ளன என்பதையும் பார்க்கிறது. குடும்பப் புகைப்படங்களும் வளர்ப்பு நாயும் எந்நேரமும் உடன் வரும் ஆர்.வி. வாசியிடம் இந்த அளவுகோல் எதைக் காட்டும் என்பது வேடிக்கையான கேள்விதான். பழைய ஊரில் பொருட்கிடங்கையும் மருத்துவரையும் வங்கிக் கணக்கையும் வைத்துக்கொண்டு உரிமத்தை மட்டும் மாற்றியவர்கள் வரி விசாரணையில் தடுமாறுவதற்குக் காரணம், கிரீனின் வழக்கில் கண்ட அதே பாடம்.

இரவல் முகவரிக்கு நெருக்கடி பிறகு கூட்டாட்சி அரசிடமிருந்து வந்தது. தனியார் அஞ்சல் நிலையங்களின் வாடிக்கையாளர் முகவரியில் அது தனியார் பெட்டி என்பதற்கான குறி இடம்பெற வேண்டும் என்று அஞ்சல் துறை 1999இல் விதித்தது. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பின் வந்த சட்டம், வங்கிகள் வாடிக்கையாளரின் அடையாளத்தை முகவரியோடு சரிபார்க்கக் கட்டளையிட்டது. 2005ஆம் ஆண்டின் ரியல் ஐ.டி. சட்டம் ஓட்டுநர் உரிமத்துக்கு முதன்மை வசிப்பிடச் சான்று கேட்டது. இவை எதுவும் ஆர்.வி. வாசிகளைக் குறிவைத்தவை அல்ல. ஆயினும் வீதியும் கதவெண்ணும் கொண்ட வீடு எல்லோருக்கும் உண்டு என்று எடுத்துக்கொண்டதில், 1662ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்களும் இவற்றை எழுதியவர்களும் ஒத்துப்போகிறார்கள்.

இறுதியில் சச்சரவு வாக்குப் பெட்டியில் வந்து நின்றது. டெக்சாஸில் பணியாற்ற வந்து அங்கேயே நிலைகொண்ட படைவீரர்களுக்கு அம்மாநிலம் வாக்குரிமை மறுத்ததை 1965இல் உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. வாக்களிக்க ஓராண்டு வசிக்க வேண்டும் என்ற டென்னசி விதி 1972இல் வீழ்ந்தது. ஆயினும் 2000ஆம் ஆண்டில், லிவிங்ஸ்டன் முகவரி கொண்ட ஆயிரக்கணக்கான எஸ்கேப்பீஸ் உறுப்பினர்களின் பதிவை உள்ளூர்வாசிகள் சிலர் மொத்தமாக எதிர்த்தார்கள். தேர்தல் நடைமுறையில் அத்தகைய மாற்றத்துக்கு 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டப்படி முன் அனுமதி பெறவில்லை என்று காட்டிக் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஊரில் ஒருநாளும் காணாதவர்கள் ஊர்த் தேர்தலைத் தீர்மானிப்பதா என்ற உள்ளூர்க்காரர்களின் மனக்குறையை நியாயமற்றது என்று ஒதுக்க முடியாது. ஆனால் அதே மனிதர்கள் செலுத்தும் வண்டி வரியையும் பதிவுக் கட்டணத்தையும் அந்தக் கவுண்டிகளில் எவரும் திருப்பியனுப்பவில்லை. தெற்கு டகோட்டாவில் ஓரிரவு ரசீது உரிமத்துக்குப் போதுமானதாக இருந்த நிலையில், வாக்காளராகப் பதிவதற்கு முப்பது நாள் வசிப்பு வேண்டும் என்ற சட்டத்தை அம்மாநிலம் 2023இல் இயற்றியது.