மலையேறும் குச்சி

பருமன் 2 மில்லிமீட்டர். நீளம் 13 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். உள்ளே கால் மில்லி திரவம். வெளியே பொடி எழுத்தில் காளையின் எண், இனம், தயாரித்த நிலையம், தேதி. கால்நடைத் துறையில் இதை உறைவிந்துக் குச்சி என்பார்கள். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மாட்டுக்குச் சினை ஊசி போட்டாச்சா என்றுதான் கேட்பார்கள். சவ்வாது மலையின் ஒரு கொட்டகையில் கிடேரி பிறக்கிறதென்றால், பல நேரம் அதன் தகப்பன் இந்தக் குச்சி வழியாகத்தான் மலையேறி வந்திருக்கிறது. அந்தக் காளையை அந்த ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. அது நல்ல காளை என்று யார், எதை வைத்துச் சொன்னார்கள்? குச்சி வந்த வழியைப் பின்தொடர்ந்தால் பதில் கிடைக்கும். பாதிப் பதில்தான், மீதியை மலைதான் சொல்ல வேண்டும்.

மாடு வாங்கப் போகிற நம் சம்சாரிக்குப் பார்க்கத் தெரியும். சுழி பார்ப்பார், கொம்பு பார்ப்பார், திமில், வால், குளம்பு பார்ப்பார். பசுவென்றால் மடியையும் காம்பையும் தடவிப் பார்ப்பார். உழவுக்கும் வண்டிக்கும் காளை வாங்க இந்தக் கண் போதும். பால் மாட்டுக்குத் தகப்பனைத் தேடும்போதுதான் சிக்கல். காளை பால் கறக்காது. அதன் உடம்பில் இருக்கிற பால் குணம் வெளியே தெரியவே தெரியாது. மகள் பிறந்து, வளர்ந்து, சினையாகி, கன்று போட்டு, கறவைக்கு வந்தால்தான் தகப்பன் எப்படிப்பட்டது என்று தெரியும்.

இந்த உண்மையை உலகம் மெதுவாகத்தான் கற்றது. இங்கிலாந்தில் ஷார்ட்ஹார்ன் மாடுகளுக்குப் பெரும்பேர் இருந்த காலத்தில், 1810இல் 'காமெட்' என்ற காளை ஏலத்தில் 1,000 கினிக்குப் போனது. அந்நாளில் அது மலைக்க வைக்கும் விலை. 1822இல் அந்த இனத்துக்கென்று வம்சாவளிப் புத்தகமே அச்சானது. ஆனால் உடற்கட்டையும் பாட்டன் பூட்டன் பெயரையும் பார்த்துத்தான் விலை பேசினார்கள். அந்த ஷார்ட்ஹார்ன் ரத்தம் இந்தியாவுக்கும் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் டெய்லர் என்ற ஆங்கில அதிகாரி பாட்னாவுக்கு வரவழைத்த காளைகளால் உள்ளூர்ப் பசுக்களில் கலப்பினம் உருவானது. அதை டெய்லர் மாடு என்றே அழைத்தார்கள்.

ஒரு காளையின் மகள்களை இன்னொரு காளையின் மகள்களோடு முறையாக ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது 20ஆம் நூற்றாண்டின் வேலை. அதற்கு வழி திறந்தது செயற்கைக் கருவூட்டல். நேரில் இணையும் காளையின் கன்றுகள் அக்கம்பக்கத்து ஊர்களோடு நின்றுவிடும். விந்தைப் பகிர்ந்து அனுப்பினால் ஒரே காளையின் மகள்கள் நூறு ஊரில் பிறக்கும். இந்தியாவில் இந்த முறையை 1939இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத்குமாரன் தொடங்கிவைத்தார். கிளிசரின் கலந்தால் விந்தணு உறைந்தும் சாகாமல் பிழைக்கும் என்று 1949இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு காளை செத்தாலும் அதன் விந்து வாழ்ந்தது. குச்சியின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் குச்சிகள் தயாராகும் இடங்களில் ஒன்று ஊட்டி. காளை நிலையத்துக்குள் வெளியாள் எளிதில் நுழைய முடியாது. காசநோய், கருச்சிதைவு நோய் போன்றவற்றுக்குக் காளைகளைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள். எடுத்த விந்தை உடனே நுண்ணோக்கியில் பார்த்து, முட்டை மஞ்சள் கருவும் கிளிசரினும் சேர்ந்த கரைசலில் கலக்கிறார்கள். ஒரு முறை எடுப்பதிலிருந்து சில நூறு குச்சிகள் நிரம்பும். குச்சிக்கு ஏறத்தாழ 2 கோடி விந்தணு. மெல்லக் குளிரவைத்து, கடைசியில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனில் இறக்குவார்கள். பிறகு ஒரு குச்சியை எடுத்து உருக்கிப் பார்ப்பார்கள். பாதி அணுக்களாவது உயிரோடு நீந்தவில்லையென்றால் அந்தத் தொகுதி முழுவதும் குப்பைக்கு.

இதெல்லாம் குச்சியின் தரம். காளையின் தரம் வேறு கணக்கு.

2012இல் தொடங்கிய தேசியப் பால்வளத் திட்டத்தின் முதல் கட்டத்தில், ஜெர்சி கலப்பினக் காளைகளை மகள்களைக் கொண்டு சோதிக்கும் பொறுப்பு தமிழ்நாட்டில் ஆவின் இணையத்துக்கு வந்தது. முறை இதுதான். இளங்காளை ஒன்றரை வயதில் விந்து தரத் தொடங்கும். அதன் குச்சிகளைப் பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள். ஊசி போட்ட நாளிலிருந்து ஏறக்குறைய 280 நாளில் கன்று. கிடேரியென்றால் காதில் 12 இலக்க மஞ்சள் வில்லை. அது பருவத்துக்கு வந்து, சினைபிடித்து, தலை ஈத்துப் போட இரண்டரை, மூன்று ஆண்டு ஆகும். பிறகு மாதம் ஒருநாள் ஒருவர் வீட்டுக்கு வந்து காலைக் கறவையையும் மாலைக் கறவையையும் அளந்து எழுதுவார். கொழுப்பு பார்க்க மாதிரி எடுப்பார். 305 நாள் கறவைக்கும் இப்படிக் கணக்கு வைத்தால்தான் ஒரு மகளின் பதிவு முடியும். அதற்குள் தகப்பனுக்கு ஆறேழு வயது ஆகியிருக்கும்.

ஒரு மகள் போதாது. பால் அளவில் மாட்டுக்கு மாடு காணும் வேறுபாட்டில் கால் பங்கு அளவுதான் பிறவியில் வருவது. மீதியெல்லாம் தீவனம், தண்ணீர், நோய், கறக்கிற கை. அதனால் ஒரே மகளின் பாலை வைத்துத் தகப்பனை மதிப்பிட்டால் அந்தக் கணிப்பின் நம்பகம் 6 விழுக்காடுதான். 15 மகள்கள் இருந்தால் 50 விழுக்காடு. 60 மகள்கள் இருந்தால் 80. முதல் பதினைந்து மகள்கள் கற்றுத்தருவது அதிகம். அப்புறம் ஒவ்வொரு படி மேலேறவும் மகள்கள் கூட்டம் கூட்டமாக வேண்டும்.

அளந்த பாலை அப்படியே ஒப்பிடவும் கூடாது. ஒரு காளையின் மகள் நாளுக்கு 9 லிட்டர் கறக்கிறது. இன்னொன்றின் மகள் 6 லிட்டர்தான். முதல் காளைதான் உசத்தி என்று சொல்லத் தோன்றும். ஆனால் முதல் மகள் இருக்கும் ஊரில் கம்பெனித் தீவனமும் பசும்புல்லும் தாராளம். அதே ஈத்தில் இருக்கும் மற்ற மாடுகள் 10 லிட்டர் கறக்கின்றன. இரண்டாவது மகளின் ஊரில் மேய்ச்சல் மட்டும்தான்; சுற்றியுள்ள மாடுகள் 5 லிட்டரைத் தாண்டவில்லை. கூட இருப்பவற்றைவிட முதல் மகள் ஒரு லிட்டர் குறைவு, இரண்டாவது ஒரு லிட்டர் கூடுதல். இப்படிப் பல ஊர்களில் பல மகள்களிடம் பார்த்து, சராசரியில் தன் ஊரை மிஞ்சும் மகள்களைப் பெற்றது எதுவோ அதுவே நல்ல காளை. இந்த ஒப்பீட்டில் ஏழை வீட்டு மாட்டுக்கும் பணக்கார வீட்டு மாட்டுக்கும் சம மரியாதை. இந்த அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த நியாயம் இது.

பாலை மட்டும் பார்த்தாலும் ஆபத்து. 1962இல் அமெரிக்காவில் பிறந்த 'பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப்' என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000 மகள்கள். பாலில் அதை மிஞ்ச ஆளில்லை என்று உலகமெங்கும் அதன் ரத்தம் பரவியது. பல பத்தாண்டு கழித்துத்தான் அதன் மரபணுவில் ஒளிந்திருந்த ஒரு கோளாறு தெரியவந்தது. உலகம் முழுக்க ஏறத்தாழ 5 லட்சம் கருக்கள் வயிற்றிலேயே கலைய அது காரணமாயிற்று என்று கணக்கிட்டார்கள். சினை நிற்கிறதா, கன்று எளிதில் விழுகிறதா, மடி தொங்காமல் இருக்கிறதா, மகள் எத்தனை ஈத்துத் தாங்குகிறது என்பவற்றையும் எழுதினால்தான் ஒப்பீடு முழுமையாகும்.

இனி மலைக்கு வருவோம். நைட்ரஜன் கேனில் மூழ்கியபடி குச்சி திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வருகிறது. போளூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் ஜமுனாமரத்தூர் சேர்கிறது. கேனில் நைட்ரஜன் தினமும் கொஞ்சம் ஆவியாகும். உரிய நாளில் நிரப்பவில்லையென்றால் உள்ளே இருக்கும் குச்சிகள் அத்தனையும் வெறும் பிளாஸ்டிக்தான். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. காலையில் மாடு கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி என்பது பொதுவிதி. சிதறிக்கிடக்கும் மலையூர்களில் ஆள் சொல்லிவிட்டு, வண்டி ஏறி வருவதற்குள் அந்த நேரம் நழுவக்கூடும். நேரத்துக்கு வந்தால், கேனிலிருந்து இடுக்கியால் குச்சியை எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, துடைத்து, நுனியை வெட்டி, துப்பாக்கி என்று அவர்கள் சொல்லும் கருவியில் பொருத்துகிறார்கள். ஊசி போட்டு முடிந்ததும் வெற்றுக் குச்சி உறையோடு சேர்ந்து குப்பைக்குப் போகிறது. காளையின் எண்ணும் அதோடு போகிறது.

இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் சாமைக் கொல்லையில் மாடு முதலில் ஏருக்கும் எருவுக்கும், பால் அப்புறம்தான். மலை மாடு உருவில் சிறியது, காட்டோரம் மேய்ந்து வயிறு நிரப்பத் தெரிந்தது. ஜெர்சி உடலில் சிறிய இனம் என்பதால் கன்றும் சிறிதாக விழும். நாட்டுப் பசுவுக்கு அது தாங்கும். ஆனால் சமவெளியில் தீவனம் தின்று கறந்த மகள்களை வைத்து முதலிடம் பெற்ற காளை, மேய்ச்சலும் உண்ணியும் ஏற்ற இறக்கமும் உள்ள மலையிலும் முதலிடம் பெறும் என்று உறுதி இல்லை. இடம் மாறினால் காளைகளின் வரிசையும் மாறலாம். மரபியல் படித்தவர்கள் இதை நன்கு அறிவார்கள். மலைக் கணக்கில் மலையின் மகள்களைச் சேர்க்காதவரை அந்தத் தீர்ப்பு மலைக்குச் சொன்ன தீர்ப்பு ஆகாது.

2024 அக்டோபரில் 'கௌ சிப்' என்ற மரபணுச் சோதனைச் சில்லு நாட்டுக்கு வந்துவிட்டது. கன்றாக இருக்கும்போதே ரத்தத் துளியை வைத்துக் காளையைக் கணிக்கலாம்; ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டாம். நல்ல செய்திதான். ஆனால் அந்தச் சில்லுக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பது பால் அளந்த நோட்டுகள். மலை மாடுகளின் பால் எந்த நோட்டிலும் ஏறவில்லையென்றால் சில்லுக்கும் மலையைத் தெரியாது. இதே மலையில் காவலூர் வானாய்வகம் 1960களின் பிற்பகுதியிலிருந்து இரவிரவாக விண்மீன்களைப் பதிவுசெய்கிறது. அத்தகைய பொறுமையில் ஒரு சிறு பங்கு, மாதம் ஒருநாள் இருவேளைக் கறவையை அளந்து எழுதக் கிடைத்தால் போதும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஊசி போட வருபவரிடம் குச்சியில் உள்ள காளை எண்ணைக் கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று ஆண்டு கழித்து, அந்த ஊசியில் பிறந்த கிடேரி பருவத்துக்கு வரும்போது, அதே எண்ணை மறுபடி போடாமல் தடுக்க அந்த ஒரு வரி போதும். இல்லாவிட்டால் தகப்பன் விந்தே மகளுக்குப் போய் ரத்தம் நெருங்கிவிடும். கன்று எப்படி விழுந்தது, எத்தனை படி கறக்கிறது, மறு சினை எப்போது நின்றது என்று கீழே எழுதுங்கள். பத்து வீட்டு நோட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் எந்த எண் நம் மலைக்கு ஏற்றது என்று தெரியத் தொடங்கும். நூறு வீட்டு நோட்டுகள் சேர்ந்தால், எந்தக் காளையின் குச்சி வேண்டும் என்று மலை மக்களே நிலையத்தைக் கேட்கலாம். அந்த உரிமை, கறந்து அளந்து எழுதிவைத்தவர்களுக்கு உண்டு.