குடிமதிப்பில் மறைந்த கைதி

ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே கூறக் கேட்பது ஒன்று. அரசாங்க ஏடுகளில் அதைத் தேடிக் காண்பது மற்றொன்று. இரண்டும் மாறுபடும் இடத்திலேதான் சரித்திரம் நமக்குப் பாடம் புகட்டுகின்றது. மேரி ரைபி என்னும் ஆங்கில மாதின் வரலாறே இதற்குத் தக்க சான்று.

இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த பரி என்னும் ஊரில் 1777-இல் பிறந்தவள் மேரி ஹேடாக். பாட்டியிடம் வளர்ந்த இச்சிறுமி, 1790 ஜூலையில் ஸ்டாபோர்டு நீதிமன்றத்தில் குதிரை திருடிய குற்றத்திற்காக நிறுத்தப்பட்டாள். பிடிபட்டபோது ஆண்வேடம் பூண்டு, ஜேம்ஸ் பரோ என்ற பெயருடன் இருந்தாள். வயதோ 13, தீர்ப்போ 7 ஆண்டு நாடுகடத்தல். ஒரு குதிரைக்காகக் குழந்தையைக் கடல் கடத்தியதற்கு நீதி என்று பெயர்!

'ராயல் அட்மிரல்' என்னும் கப்பல் 1792 அக்டோபரில் அவளைச் சிட்னியில் இறக்கியது. 1794-இல் தாமஸ் ரைபி என்னும் கப்பல் அதிகாரியை மணந்தாள். 1811-இல் கணவர் இறக்கவே, ஏழு மக்களையும் பெரிய வாணிகத்தையும் தாங்கும் பொறுப்பு மேரி அம்மையாருக்கு வந்தது. அம்மையார் ஒடுங்கி மூலையில் அமரவில்லை, வாணிகத்தைப் பெருக்கினார். 1817-இல் நியூ சவுத் வேல்ஸ் வங்கி முதன்முதல் திறக்கப்பட்டது அவருடைய கட்டடத்திலேதான்.

1820-இல் தாய்நாடு சென்று மறு ஆண்டு திரும்பினார். பின்னர் 1828-இல் எடுத்த குடிமதிப்பில், 1821-இல் சுதந்திரமாக வந்தவர் என்று தம்மைப் பதிவு செய்துகொண்டார். அவ்வாண்டில் வந்தது மெய்யே. ஆயினும் 1792-இல் கைதியாய் வந்த சிறுமியை அப்பதிவில் காணோம்.

செல்வம் பெற்றும் அவர் மறைத்தது ஏன்? தண்டனை முடிந்தோரைச் சமமாக ஏற்க மறுத்த மேட்டிமைக் கூட்டம் அந்நாளில் சிட்னியில் இருந்தது. அத்தகையோரைத் தம் விருந்துக்கு அழைத்த கவர்னர் மக்குவாரியும் அக்கூட்டத்தின் பகைக்கு ஆளானார். எனவே, மறைத்தவரைப் பழிப்பதைவிட, மறைக்கச் செய்தவரைப் பழிப்பதே முறை.

அன்று மறைக்கப்பட்ட கைதியின் உருவமே 1994-இல் ஆஸ்திரேலிய இருபது டாலர் நோட்டில் அச்சேறியது. அதே ஆங்கில ஆட்சி 1825 முதல் இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூரிலும் இறக்கியது. சாலைகளும் கட்டடங்களும் அவர்கள் உழைப்பால் எழுந்தன. அவர்களையும், கூலிகளாய்க் கப்பலேறிய நம் முன்னோரையும் நினைக்க நாம் ஏன் நாணவேண்டும்? மனிதனை அவன் பிறப்பாலும் பழைய நிலையாலும் அளக்கும் வழக்கமே நாணத்தக்கது. அது ஒழிந்தால், எந்த ஏட்டிலும் எவரும் தம்மை மறைக்க வேண்டியதில்லை.